மயிலுக்குப் பதில் போட்ட கை

காலையில் யார் அழைத்தாலும் நான் போனை எடுப்பதில்லை. கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சுக்கடை வைத்துப் பிழைக்கிற ஆளுக்கு இவ்வளவு எடுப்புக் கூடாது என்று பலர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். "ஊர் விதானையாரைப் பிடிச்சாலும் பிடிக்கலாம், உம்மைப் பிடிக்கேலாது" என்று ஒரு வாழைக்குலை வியாபாரி போன கிழமையும் வாசலில் நின்று சத்தம் போட்டார். நான் சிரித்துக்கொண்டே அவருடைய வேலையை வாங்கி வைத்தேன்.

கடையில் நான் தனி ஆள். கல்யாணக் கார்ட், பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீட்டுப் பதாகை, கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாம் நானே கொம்பியூட்டரில் அடித்து, நானே அச்சிட்டு, நானே கட்டிக் கொடுக்கிறேன். இப்போது என் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் திறந்திருக்கும். மரண அறிவித்தல் அடிப்பதற்கென்றே இணையத் தொடர்பு இல்லாத பழைய கொம்பியூட்டர் ஒன்றை மூலையில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் உட்கார்ந்தால், எழுந்து போனாலொழிய வேறெதையும் பார்க்க முடியாது. அடித்து முடித்ததும் பெயர்களை வாய்விட்டு வாசிப்பேன். போன் பின்னறையில் பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும். பத்து மணித் தேநீர் நேரத்திலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் கடை பூட்டும்போதும் அதைத் திறந்து, வந்த செய்திகளுக்கெல்லாம் ஒரேயடியாகப் பதில் போடுவேன். சட்டைப் பையில் ஒரு சின்னப் பட்டன் போன் இருக்கிறது. அதன் இலக்கத்தைச் செத்தவீட்டுக்காரருக்கு மட்டும் கொடுப்பேன். அது அடித்தால் தலை போகிற வேலையில் இருந்தாலும் எடுப்பேன்.

இந்த ஒழுங்கை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே ஒரு காலைப்பொழுதில் வாங்கிய அடியில் வந்த புத்தி இது.

அதற்கு முதல் நான் வேறு மாதிரி. லப்டொப்பின் அடியில் சின்னச் சின்னப் படங்களாக எத்தனையோ வேலைகள் வரிசையில் நிற்கும். கல்யாணக் கார்ட் ஒன்று, படம் திருத்துகிற செயலி ஒன்று, இடையில் வாட்ஸப், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, கிரிக்கெட் ஸ்கோர். ஒரு வரி அடிப்பேன், டிங் என்று கேட்கும். அங்கே ஓடுவேன், பதில் போடுவேன், திரும்பி வந்து எங்கே விட்டேன் என்று தேடுவேன். கண்டுபிடிக்கிற நேரம் மறுபடியும் டிங். இதை நான் கெட்டித்தனம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். "அண்ணை கேட்ட உடனை பதில் தருவார்" என்று ஆட்கள் புகழும்போது உச்சி குளிர்ந்து போவேன். பின்னேரம் கடையைப் பூட்டும்போது தலைக்குள் குளவிக்கூடு கலைந்த மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். இன்றைக்கு என்ன வேலை முடிந்தது என்று மனைவி கேட்டால் சொல்லத் தெரியாமல் எரிந்து விழுவேன்.

அப்படி ஒரு பின்னேரம்தான் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் காலமானார். தகப்பனை நோயில் பார்க்கச் சுவிசிலிருந்து வந்திருந்த மகன் எனக்குப் போன் எடுத்து விபரத்தைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எங்கள் பக்கத்து மரண அறிவித்தலில் இறந்தவரைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மிச்சமெல்லாம் உறவுதான். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆசைக் கணவரும், இன்னாரின் பாசமிகு சகோதரரும் என்று குடும்பம் முழுக்க வரிசையில் வந்து நிற்கும். அவர்களில் ஏற்கெனவே இறந்து போனவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் வர வேண்டும். யார் பெயர் முன்னுக்கு, யார் பெயர் பின்னுக்கு, யாரை விட்டுவிட்டார்கள் என்று லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு பெயர் விடுபட்டதற்காக ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.

அந்தப் பெரியவருக்குக் கூடப்பிறந்தவர்கள் ஓர் அண்ணனும் ஓர் அக்காவும். அண்ணன் எப்போதோ இறந்துவிட்டார். அக்கா பருத்தித்துறையில் இருக்கிறார். "மாமியின்ரை பேரை விட்டிடாதையுங்கோ அண்ணை" என்று மகன் அழுத்திச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடித்து முடித்ததை அவருடைய போனுக்கு அனுப்பினேன். செத்தவீட்டு ஓட்டத்துக்கு நடுவில் "ஓம், அடியுங்கோ" என்று பதில் வந்தது. அச்சிட்டுக் கொடுத்தேன், இணையத்திலும் போட்டேன். விடிவதற்கிடையில் கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறை வரைக்கும் மதில்களிலும் லைட் கம்பங்களிலும் ஒட்டியாயிற்று.

அடுத்த நாள் காலை கடையைத் திறந்து லப்டொப்பை விரிக்கிறேன், போன் அடித்தது. அந்த மகன்தான்.

"அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"என்ன தம்பி?"

"மாமி உயிரோடை இருக்கிறா. அவவைச் செத்துப்போனா எண்டு அடிச்சு ஊர் முழுக்க ஒட்ட விட்டிருக்கிறியள்."

"சீச்சீ, நான் அப்பிடிப் போடேல்லை."

"போடேல்லையோ? திறந்து பாருங்கோ. இப்பவே, இந்த நிமிசமே திறந்து பாருங்கோ."

திறந்தேன். இறந்த அண்ணனின் பெயர் ஒரு குறையும் இல்லாமல் தனியாக நின்றது. அக்காவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் ஏறி உட்கார்ந்திருந்தது. செத்தவரை எழுப்பிவிட்டு இருக்கிறவரைச் சாகடித்திருந்தேன். அதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு வேறு இருந்தது. அந்த வரியை அடித்ததே எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு சாமத்தியவீட்டுப் பதாகையில் பிள்ளையின் சீலை நாவல் நிறமாக இருக்க வேண்டும் என்று யாரோ கேட்டதும், நான் அதை மாற்றி அனுப்பியதும் மட்டும் துல்லியமாக நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வெறும் இருட்டு. என் கையால் செய்த வேலை, எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது.

மகன் தொடர்ந்து சொன்னார். "இராத்திரி நான் எடுத்துச் சொல்லேக்கை 'விடிய வாறன்' எண்டவ. இப்ப மச்சாள் லண்டனிலை இருந்து நோட்டீசைப் பாத்திட்டு அவவுக்குச் சொல்லிப்போட்டா. 'அவையள் என்னைச் சாகக் குடுத்தாச்சு, நான் வரேல்லை' எண்டு போனை வைச்சவதான், பிறகு ஆர் எடுத்தாலும் எடுக்கிறா இல்லை."

"பிழையா விழுந்தது எண்டு சொன்னால் விளங்காதோ?"

"எப்பிடி அண்ணை விளங்கும்? தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு அப்பா நேரிலை போய்ச் சொல்லேல்லை. ஏலாமல் கிடந்தவர், கார்ட்டை வாட்ஸப்பிலை அனுப்பிப்போட்டார். அண்டைக்கு நிப்பாட்டினவ கதையை. நாங்கள் வேணுமெண்டு செய்ததெண்டுதான் அவ நினைப்பா."

கல்யாணம் என்றால் வீடு தேடிப் போய், கார்ட்டைக் கையில் கொடுத்து, வாயால் வரச் சொல்ல வேண்டும். அதுவும் மூத்த அக்காவுக்கு. போனில் ஒரு படமாக வந்தது அந்த மனுசிக்கு எவ்வளவு பெரிய அவமானமாக இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. அந்தக் கார்ட்டும் என் கடையில் அடித்ததுதான். போனில் அனுப்பச் சுலபமாக இருக்கட்டும் என்று அதைப் படமாகவும் செய்து கொடுத்தவன் நான்.

"அப்பா கடைசியாக் கேட்டது அவவைத்தான்" என்று மகன் சொல்லும்போது குரல் உடைந்தது. "'அக்காவை ஒருக்கா வரச்சொல்லு' எண்டவர். நாளைக்கு, நாளைக்கு எண்டு நான்தான் விட்டிட்டன். பன்னிரண்டு மணிக்குப் பிரேதம் எடுக்கவேணும், ஐயர் நேரம் குறிச்சாச்சு. கிரியை செய்யிற நான் வீட்டை விட்டு அசையேலாது. அவ வந்து முகம் பாக்காமல் நான் எப்பிடியண்ணை பெட்டியை மூடுறது?"

"நான் போறன் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல? இணையத்தில் இருந்ததைத் திருத்திப் போட்டேன். ஆனால் பழையது அதற்குள் எத்தனை போன்களுக்குப் போயிருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று லப்டொப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழியில் வரணியிலும் நெல்லியடியிலும் அந்த நோட்டீஸ் மதிலுக்கு மதில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் கடக்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பருத்தித்துறையில் கடலுக்குப் போகிற ஓர் ஒழுங்கைக்குள் அவருடைய வீடு. வாசல் கேற் திறந்தே கிடந்தது. அவர் விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்தார். வெளியே போகிற வெள்ளைச் சீலை, வாரி முடிந்த நரைத்தலை, மடியில் கைப்பை. விடிய வெளிக்கிட்ட மனுசி, வெளிக்கிட்டபடியே இருந்துவிட்டார் என்று விளங்கியது. அதைப் பார்த்ததும் நான் பாடமாக்கிக்கொண்டு வந்த பேச்செல்லாம் மறந்து போயிற்று.

"ஆர் உது?"

"அம்மா, நான் கொடிகாமத்திலை இருந்து வாறன். அந்த அறிவித்தலை அடிச்ச ஆள்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடிச்சாச்சுத்தானே. இனி என்ன? என்னை எத்தினை மணிக்கு எடுக்கிறது எண்டு கேட்டுப் போட வந்தனீரோ?"

தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "பிழை என்னிலைதான் அம்மா. அவையள் அப்பிடிச் சொல்லேல்லை. என்ரை கை பிழைச்சுப் போச்சு."

"தம்பி, நான் காலம் முழுக்கப் பிள்ளையளின்ரை கொப்பி திருத்தின ரீச்சர். கை பிழைச்சால் ஒரு கொம்பு விடுபடும், ஒரு புள்ளி விடுபடும். ஒரு சொல்லு முழுசா எழும்பி, செத்த அண்ணையை விட்டிட்டு, வந்து என்ரை தலையிலை குந்துமோ? அதுவும் ஆக்களைப் பாத்து? அவையள் சொல்லி நீர் அடிச்சனீர். இப்ப ஊர் சிரிக்குது எண்டு உம்மை அனுப்பினவை."

சொன்னது நியாயம்தான். நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். உங்கடை தம்பி கடைசியாக உங்களைத்தான் கேட்டவர் என்று சொன்னேன். "செத்தவனை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்?" என்று வெட்டிவிட்டார். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று தாண்டிவிட்டது.

"எப்பிடி நடந்ததெண்டு காட்டட்டே?" என்று கேட்டேன்.

"காட்டும் பாப்பம்."

பக்கத்துக் கதிரையில் லப்டொப்பை வைத்து, போனிலிருந்து இணையத்தைத் தொடுத்து, அந்தக் கோப்பைத் திறந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தன் பெயரைக் கண்டதும் முகம் இறுகியது. "இதிலைதானே அம்மா உங்கடை அண்ணையின்ரை பேர். அந்தச் சொல்லை இதுக்கு முன்னாலை போடத்தான் எடுத்திருப்பன். அப்ப வேறை ஆரோ செய்தி போட்டவை. அதுக்குப் போட்டுத் திரும்பி வரேக்கை..." என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எவ்வளவு உருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு உருக்கமாகச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இப்ப என்ன செய்தனீர்?"

"என்னம்மா?"

"இப்ப. கதைச்சுக்கொண்டிருக்கேக்கை."

"ஒண்டும் செய்யேல்லையே. உங்களுக்குத்தானே விளங்கப்படுத்தினனான்."

"இல்லை. ஒரு மயிலுக்குப் பதில் போட்டனீர்."

எனக்கு விளங்கவில்லை. இந்த மனுசிக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அவர் விரலை நீட்டித் திரையின் ஓரத்தைக் காட்டினார். "உதிலை டிங் எண்டுது. உம்மடை கை போச்சு. மயில் வந்துது, அடிச்சனீர், திரும்பி வந்து கதையை விட்ட இடத்திலை பிடிக்கப் பாத்தனீர். 'திரும்பி வரேக்கை' எண்டு ரெண்டு தரம் சொன்னனீர்."

வாட்ஸப்பைத் திறந்து பார்த்தேன். முருகன் கோயில் திருவிழா நோட்டீசுக்குச் சொல்லி வைத்திருந்த ஒருவர் அந்த நிமிடத்தில் கேட்டிருந்தார்: மயில் படத்தைக் கொஞ்சம் பெருசாக்க ஏலுமோ? அதற்குக் கீழே என் பதில். 'ஓம் அண்ணை, செய்யலாம்.' நான் போட்டது. நானேதான் போட்டது.

தம்பியை இழந்து, பெயரை இழந்து முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு மனுசியிடம் கெஞ்சிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் போய் ஒரு மயிலைப் பெருப்பித்துக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு வந்திருக்கிறேன். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. கோபத்தில் கை ஓங்கினவனுக்குக்கூடத் தான் ஓங்கியது தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வந்தது. அவர் என்னைச் செருப்பால் அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நல்லது என்றும் தோன்றியது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சிவசிவா" என்றார், வேறு யாருக்கோ சொல்வது போல. "அப்ப அவையள் இதைச் செய்யேல்லை."

"இல்லையம்மா."

"அவன் என்னைக் கேட்டதும் உண்மையோ?"

"உண்மை அம்மா. மகன் அழுதழுது சொன்னவர்."

அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார். காலையிலிருந்து கோபத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தவருக்கு, அதை விட்டதும் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. தம்பி, தம்பி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். நான் லப்டொப்பை மூடினேன். பிறகு அவரே சடாரென்று எழுந்து சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"பன்னிரண்டுக்கு."

"ஓட்டோ தேட நேரமில்லை. எடும் உம்மடை மோட்டார் சைக்கிளை."

அந்த வயதில் சீலையோடு ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். வருகிறோம் என்று மகனுக்கு ஒரு சொல் சொல்லக்கூடத் தோன்றாமல் நான் பறந்தேன். நெல்லியடி தாண்டும்போது சட்டைப் பைக்குள் போன் துடித்தது. கைபிடியை விட்டு என் இடது கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. எதிரே ஒரு பஸ். அவர் பின்னாலிருந்து கையை நீட்டி என் பையிலிருந்து போனை உருவி எடுத்தார். "ரோட்டைப் பாரும்!" என்று காதுக்குள் கத்தினார். போன் அவருடைய கைப்பைக்குள் போனது. அதற்குப் பிறகு வழி முழுக்க நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். வயல்வெளிக் காற்று காதை அடைத்தது. அவ்வளவு அந்தர அவசரத்திலும், தலைக்குள் இரைச்சல் இல்லாமல் இருப்பதை உணர்ந்தேன்.

செத்தவீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினோம். பந்தல் இருந்தது, கதிரைகள் இருந்தன, ஆண்கள் ஒருவரும் இல்லை. பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிரேதம் வாசல் படலை தாண்டினால்தான் எங்கள் பக்கத்தில் வீடு கழுவுவார்கள். முற்றத்துத் தண்ணீர் வாசலால் ஒழுங்கைக்கு ஓடி வந்துகொண்டிருந்தது. அவர் இறங்கி அதற்குள்ளேயே நின்றார்.

விளக்குமாறோடு நின்ற ஒரு பெண் எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "ஐயோ, இப்பதானே தூக்கினவை! எத்தினை தரம் அந்த அச்சுக்கடைக்காரருக்கு எடுத்தவன் பெடியன். 'வாறியளோ, வைச்சிருக்கட்டோ' எண்டு கேக்கத்தான். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் ஐயரை மறிச்சிருப்பான். ஒருதரும் எடுக்கேல்லை. வரமாட்டியள் எண்டு நினைச்சு மூடிப்போட்டினம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் கைப்பையைத் திறந்து போனை எடுத்தார். எடுக்கப்படாத அழைப்புகள் திரையை நிறைத்துக் கிடந்தன. எல்லாம் ஒரே ஆள். அத்தனை வருடங்கள் எந்த அற்ப அழைப்பையும் தவறவிடாதவன் நான். எடுத்தே ஆகவேண்டிய ஒரே ஓர் அழைப்பு, எடுக்கப்படாமல் அந்தப் பைக்குள் கிடந்து துடித்திருக்கிறது.

"நான்தான் வாங்கி வைச்சனான்" என்றார் அவர். முகத்தில் இரத்தமே இல்லை. "நானல்லோ வாங்கி வைச்சனான்."

பெண்கள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். தூரத்தில், பனங்கூடலுக்கு அந்தப் பக்கம் பறைச் சத்தம் கேட்டது. சுடலை வழி அதுதான். பெண்கள் படலையோடு நின்றுவிடுவது எங்கள் வழக்கம். சுடலைக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள். அவர் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தார். பிறகு போனை என் கையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

"எடும்."

"அம்மா, அங்கை பொம்பிளையள்..."

"நான் காலஞ்சென்றவள்தானே? நோட்டீசிலை போட்டு ஊருக்கெல்லாம் ஒட்டியாச்சு. செத்தவளைச் சுடலைக்கு வராதை எண்டு ஆர் சொல்லுறது? எடும் தம்பி!"

எடுத்தேன். பனங்கூடலுக்குள்ளால் ஒரு மணல் ஒழுங்கை இருந்தது, சில்லுப் புதையப் புதைய அதால் விட்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைச் சிதையில் ஏற்றி விறகு அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். பறை நின்றது. அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வயதானவர் "பொம்பிளையள் இங்கை..." என்று தொடங்கி, யார் வருகிறார் என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டார். அவர் யாரையும் பார்க்கவில்லை. வெள்ளைச் சீலை கரையெல்லாம் சேறாக, நேரே நடந்தார். சனம் விலகி வழி விட்டது. ஈர வேட்டியோடு நின்ற மகன் அவரைக் கண்டதும் ஆடிப்போய்விட்டார்.

"மாமி" என்று மட்டும் சொன்னார். பிறகு, "திறவுங்கோ. பெட்டியைத் திறவுங்கோ" என்று கத்தினார்.

அடுக்கிய விறகை எடுத்தார்கள். மூடியைத் திறந்தார்கள். என் சட்டைப் பைக்குள் போன் மறுபடியும் துடித்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து, தம்பியின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். தம்பியின் போனிலிருந்து வந்த அந்தக் கல்யாணக் கார்ட் படத்துக்குப் பிறகு அவர் தம்பியோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தம்பி, அக்கா இருக்கிறனடா. நான் சாகேல்லை. வந்திட்டன்."

மகன் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, சுடலை என்றும் பாராமல் மாமியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். ஐயரும் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.